பணிப் பட்டியலில் தெரியும் ஆன்மிகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செவிலியர் கல்லூரி ஆசிரியர்களின் மனநலம் குறித்துத் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். சேலம் நகரிலிருந்தும், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு ஆகிய ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடனேயே முடிந்திருந்தன. பிறர் அழுவதைப் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொல்வது எப்படி என்று கற்றுத்தருகிறவர்கள், தங்கள் வருத்தத்தைப் பெயரோடு எழுத அஞ்சுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை அளித்தது. மனநலச் செவிலியத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து, அவற்றில் சில ஆண்டுகள் ஒரு கல்லூரியின் முதல்வராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, சேலத்தை அடுத்த ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். காலை ஏழரை மணிக்கு மாணவியரை வார்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், மதியம் வகுப்பு, மாலையில் மாணவியர் எழுதிய கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்), கேஸ் ஸ்டடி நோட்டுகளைத் திருத்த வேண்டும். எங்கள் முதல்வர் பக்தி மிகுந்தவர். வாரந்தோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தி, "நாம் செய்வது சம்பளத்துக்கான வேலை அல்ல, இறைப்பணி" என்பார். நானும் கடவுள் நம்பிக்கை உடையவள்தான். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிறகு, கோபப்பட்டோமே என்ற குற்ற உணர்வும் வருகிறது. ஆன்மிகத் தலைமை என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அது இதுதானா? இப்படிக் கோபப்படும் நான் இந்தப் பணிக்குத் தகுதியற்றவளா?
— உதவிப் பேராசிரியை, சேலம்

பதில்: உங்கள் கோபத்தை நான் தகுதிக் குறைவாகப் பார்க்கவில்லை. பதினோரு ஆண்டுகள் வார்டிலும் வகுப்பிலும் நின்ற ஒருவருக்கு, கூட்டத்தில் கேட்கும் சொல்லுக்கும் தாம் வாழ்கிற நாளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். அந்தத் தொலைவைப் பார்த்து வந்த கோபம் இது. இதைக் கடவுள்மீது வந்த கோபம் என்று எண்ணி நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை.

ஆன்மிகத் தலைமை என்பதை 2003ஆம் ஆண்டில் ஒரு கோட்பாடாக வகுத்து எழுதியவர், அமெரிக்க மேலாண்மை அறிஞர் லூயிஸ் ஃப்ரை. ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர், நாம் எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்ற தெளிவான நோக்கத்தையும், அது கைகூடும் என்ற நம்பிக்கையையும், தம்மோடு பணியாற்றுவோர்மீது தன்னலமற்ற அன்பையும் உடையவராக இருந்தால், அங்கே பணிபுரிகிறவர்களுக்கு இரண்டு உணர்வுகள் வாய்க்கும் என்றார் அவர். தம் வேலைக்கு ஒரு பொருள் உண்டு என்பது முதலாவது. தம்மைப் புரிந்துகொண்டு மதிக்கிற ஓர் இடத்தைச் சேர்ந்தவர் தாம் என்பது இரண்டாவது. வழிபாடும் சடங்கும் இந்தக் கோட்பாட்டின் கட்டாயக் கூறுகள் அல்ல. அவரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க ராணுவத்தின் ஹெலிகாப்டர்ப் படைப்பிரிவு ஒன்றில் நடந்தது என்பதைச் சொன்னால், ஆன்மிகம் என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் கையாண்டார் என்பது உங்களுக்கு விளங்கும்.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டியது, தன்னலமற்ற அன்பு யாரிடமிருந்து யாருக்குச் செல்ல வேண்டும் என்பது. அந்தக் கோட்பாட்டில் அது தலைமையிலிருந்து தொடங்கிப் பணியாளரை நோக்கி வருகிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் அது கீழிருந்து மேலே கேட்கப்படுகிறது. பண்டிகை நாளில் விடுப்புக் கேட்டால் தியாகத்தை நினைவூட்டுகிறார்கள். ஊதியம் தாமதமானால் சேவையை நினைவூட்டுகிறார்கள். இரண்டு பேருடைய வேலையை ஒருவர்மேல் ஏற்றிவிட்டு, இது புண்ணியம் என்கிறார்கள். ஒரு நல்ல சொல்லைக் கொண்டு ஓர் அநியாயத்தை மூடும்போது அநியாயமும் நீங்குவதில்லை, அந்த நல்ல சொல்மீது இருந்த மதிப்பும் குறைந்துபோகிறது. உங்களுக்குப் பிரார்த்தனையின்போது கோபம் வருவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மனநலம் என்றால் மகிழ்ச்சியாக இருப்பது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உளவியலாளர் கேரல் ரிஃப் 1989இல் அதை ஆறு கூறுகளாக விரித்துக் காட்டினார். தன்னை ஏற்றுக்கொள்ளுதல், பிறரோடு நல்லுறவு, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, தன் சூழலைக் கையாளும் திறன், வாழ்வில் ஒரு நோக்கம், தனிமனித வளர்ச்சி என்பன அவை. செவிலியக் கல்வி ஆசிரியரிடம் வாழ்வின் நோக்கம் பெரும்பாலும் குறைவதில்லை. "ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்" என்று கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்வீர்கள். குறைபடுவன மூன்றாவதும் நான்காவதுமான கூறுகள்.

ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். வார்டில் நீங்கள் விருந்தாளி. அதிகாரம் வார்டு சிஸ்டருடையது. ஆனால், மாணவி ஊசி போடும்போது கை நடுங்கினால், மருந்தின் அளவைத் தவறாகப் படித்தால், நோயாளியின் உறவினர் சத்தம் போட்டால், பொறுப்பு உங்களுடையது. பத்து மாணவியர் பத்துக் கட்டில்களின் அருகே நிற்கிறார்கள். உங்களுக்கோ இரண்டு கண்கள். நோயாளிக்குத் தீங்கு நேராமலும் மாணவி கூனிக்குறுகாமலும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983இல் 'உணர்வு உழைப்பு' என்றொரு கருத்தை முன்வைத்தார். உள்ளே என்ன இருந்தாலும் முகத்தில் பணிக்கு ஏற்ற உணர்வைக் காட்டுவதும் ஓர் உழைப்புதான் என்பது அதன் சாரம். செவிலியர் அந்த உழைப்பை நோயாளிக்காகச் செய்கிறார். செவிலியர் ஆசிரியர் அதை நோயாளிக்காகவும் மாணவிக்காகவும் செய்துவிட்டு, எப்படிச் செய்வது என்று கற்பிக்கவும் வேண்டியிருக்கிறது. இந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்த நாளின் நடுவில், பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில், "இன்று மதியம் இரண்டாம் ஆண்டு வகுப்பையும் நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி வந்தால், மனத்தில் மிச்சமிருக்கும் பிடிமானமும் நழுவிவிடுகிறது.

என் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் முதல்வரான முதல் ஆண்டில், ஆசிரியர்கள் அனைவரும் காலை ஏழேகால் மணிக்குக் கூடி, பத்து நிமிடம் சர்வமதப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். ஏற்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் இளம் டியூட்டர் (பயிற்றுநர்) இருந்தார். மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இருட்டோடு கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி வர வேண்டும். பல நாள் அவர் பிரார்த்தனைக்குத் தாமதமாகவே வந்தார். இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். அந்தக் கல்வியாண்டின் முடிவில் அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது குறையாக எதையும் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய கோப்பை முடித்துவைப்பதற்காக அந்த ஆண்டின் பணிப் பட்டியல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தபோதுதான், சமூக நலச் செவிலியப் பயிற்சிக்காக அவரைத் தொடர்ந்து மூன்று சுற்றுகள், அவருக்கு மேலும் தொலைவான வாழப்பாடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது தெரிந்தது. மூன்று பட்டியல்களிலும் என் கையெழுத்து இருந்தது. தினமும் காலையில் அனைவரின் நலத்துக்காகவும் பிரார்த்தனை செய்த நான், என் கண்முன் இருந்த ஒருவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்க்கவில்லை. பிரார்த்தனையை விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அன்றே மாற்றினேன். அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

இதனால், ஒரு முதல்வரிடம் ஆன்மிகத் தலைமை இருக்கிறதா என்று என்னிடம் யாராவது கேட்டால், அவருடைய பூஜை அறையைப் பற்றி நான் விசாரிப்பதில்லை. கல்லூரியின் பணிப் பட்டியலைக் காட்டச் சொல்வேன். கடினமான போஸ்டிங் யாருக்கு மறுபடி மறுபடி வருகிறது, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் என்ன கிடைத்திருக்கிறது, பட்டியல் எத்தனை நாளுக்கு முன்னால் வெளியானது, முதல்வரின் பெயர் அதில் எங்காவது இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான்கு வாரங்களுக்கு, எந்த மணிக்கு எங்கே இருந்தீர்கள், எத்தனை நோட்டுகள் திருத்தினீர்கள், எத்தனை முறை அட்டவணை கடைசி நேரத்தில் மாறியது என்று குறித்துவையுங்கள். பிறகு உங்களோடு ஒத்த கருத்துள்ள ஒருவர் அல்லது இருவருடன் சென்று முதல்வரைப் பாருங்கள். பிரார்த்தனைக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். அது அவருக்குப் புனிதமானது, அதைத் தொட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். குறிப்பை மட்டும் முன்னே வைத்து, அட்டவணையை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பக்தியுள்ளவர்கள் பலர் உண்மையிலேயே இரக்கமுள்ளவர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பதை யாராவது காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படிக் காட்ட அன்று யாரும் துணியவில்லை, துணியும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

கேள்வி: நான் ஆண் செவிலியர், இப்போது டியூட்டராக இருக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆன்மிகத் தலைமை பற்றிய பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் ஒத்துழைக்காதவன் என்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?
— வாசகர், குகை, சேலம்

பதில்: நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944ஆம் ஆண்டு மாநாடு நடந்த ஊர் சேலம். இவ்வூரில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு.

சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவராகவும் ஆனவர். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டபர் ஹாஸ்பிஸ் என்ற, இறக்கும் தறுவாயில் இருப்போருக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியவர். இறக்கும் தறுவாயில் இருப்பவரின் வலி உடலோடு நிற்பதில்லை; அதில் மன வலியும், குடும்பம் குறித்த சமூக வலியும், 'என் வாழ்வுக்கு என்ன பொருள்' என்று கேட்கிற ஆன்ம வலியும் சேர்ந்திருக்கின்றன என்றார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி கிறிஸ்தவருக்கு மட்டும் எழுவதன்று. புற்றுநோய் வார்டில் ஒரு நெசவாளி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்" என்று கேட்டிருப்பார். நீங்கள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்ததற்குத்தான் எங்கள் துறையில் ஆன்மிகப் பராமரிப்பு என்று பெயர். கடவுள் பெயரைச் சொல்லாமலே அதைச் செய்திருப்பீர்கள்.

ஆகவே பயிற்சிக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு மதத்தின் வழிபாடு நடந்தால், அமைதியாக அமர்ந்திருக்கவோ வெளியே நிற்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. அதை முன்னதாகவே அமைப்பாளரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மதத்தினரின் வழிபாட்டில் மற்றவர்கள் கட்டாயமாகப் பங்கேற்க வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்தப் பயிற்சி ஆன்மிகத் தலைமையின் அடிப்படையையே மீறுகிறது. 'நான் இவ்விடத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வைச் சிலருக்குக் கொடுத்துச் சிலரிடமிருந்து பறிப்பது அதன் நோக்கத்துக்கே எதிரானது.

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேலம் மாவட்டச் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களிடையே ஆன்மிகத் தலைமைக்கும் உளநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— முதுநிலை மாணவி, சேலம்

பதில்: நல்ல தலைப்பு, மகளே. உளநலத்தை அளக்க ரிஃப் வகுத்த வினாநிரல் இருக்கிறது. 84, 42, 18 கேள்விகள் கொண்ட வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. பணி நேரத்தில் ஓர் ஆசிரியரிடம் 84 கேள்விகளைக் கொடுத்தால் பாதிக்கு மேல் படித்துப் பார்க்காமலே ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். 18 கேள்விகள் ஆறு கூறுகளையும் தனித்தனியே அளக்கப் போதுமானவை ஆகா. 42 உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆன்மிகத் தலைமைக்கு ஃப்ரையின் வினாநிரலைப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் முறைப்படி அனுமதி பெறுங்கள். தமிழில் கொடுப்பதானால், ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். 'ஸ்பிரிச்சுவல்' என்பதைத் தெய்விகம் என்றோ பக்தி என்றோ பெயர்த்துவிட்டால், ஆய்வு முழுவதும் வேறொன்றை அளந்துகொண்டிருக்கும்.

அடுத்தது, படிவங்களை யார் திரட்டுகிறார்கள் என்பது. முதல்வர் அலுவலகத்தின் வழியாகக் கொடுத்து, அதே வழியாகத் திரும்பப் பெற்றால், எல்லாக் கல்லூரிகளிலும் எல்லா முதல்வர்களும் மகான்கள் என்றே முடிவு வரும். பெயரும் ஊழியர் எண்ணும் இல்லாத படிவத்தை ஒட்டிய உறையில் இட்டு நேராக உங்கள் கைக்கு வரும்படி செய்யுங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறும்போதே இதை எழுத்தில் குறிப்பிடுங்கள். ஒரு கல்லூரியில் ஐந்தாறு ஆசிரியர்களே இருந்தால், வயதையும் பதவியையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே கல்லூரிவாரியாக அட்டவணை போட வேண்டாம்.

ஒரே சமயத்தில் ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்கிறீர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மனம் நிறைவாக இருப்பவருக்குத் தம் முதல்வரும் நல்லவராகத் தெரியக்கூடும். சோர்ந்திருப்பவருக்கு எவரும் நல்லவராகத் தெரியாமல் போகலாம். ஆகவே இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதலாம். ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று எழுத இந்த முறை இடம் தராது. எண்களோடு, எட்டுப் பத்து ஆசிரியர்களிடம் உட்கார்ந்து நேரில் பேசிப் பதிவுசெய்தால் ஆய்வேடு உயிர் பெறும். வார்டு நேரத்தில் போகாதீர்கள். மாலையில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஒரு செவிலியர் கல்லூரியில் முதல்வராகப் பொறுப்பேற்கிறேன். ஆசிரியர்கள் மிகவும் சோர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாரம் ஒரு யோகா வகுப்பும், மாதம் ஒரு தியான அமர்வும் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். உங்கள் கருத்து என்ன?
— வாசகி, ஆத்தூர்

பதில்: யோகா நல்லது, தியானமும் நல்லது. ஆனால் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அவற்றை அறிவித்தால், இருக்கிற வேலைகளோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது என்றுதான் ஆசிரியர்கள் எண்ணுவார்கள். வள்ளலார் வடலூரில் பசித்தவர்க்குச் சோறிடும் தருமசாலையை 1867இல் தொடங்கினார். ஞானசபையை எழுப்பியது அதற்குப் பிறகு, 1872இல்தான். அந்த வரிசையை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆசிரியர்கள் காலை உணவை எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஏழரை மணிக்கு வார்டில் நிற்பவர் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். அவர் டிபன் பாக்ஸைத் திறக்க மருத்துவமனையில் ஒரு சிறிய அறையாவது இருக்கிறதா? பல இடங்களில் இல்லை. மாணவியர் பார்க்கும்படி படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

அதன்பின் எண்ணிக்கையைப் பாருங்கள். இளநிலைப் படிப்புக்குப் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் வரையறை. அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் காட்டப்படுகிற எண்ணிக்கை வேறு, புதன்கிழமை காலையில் உண்மையாகவே வார்டில் நிற்கிறவர்களின் எண்ணிக்கை வேறு என்றால், அந்த இடைவெளியை உங்கள் ஆசிரியர்களின் உடல்தான் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் 2021-22 முதல் எட்டு செமஸ்டர் முறைக்கு மாறிய பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை வந்த தேர்வு வேலை இரண்டு முறை வருகிறது. இன்டர்னல் மதிப்பெண், செய்முறைத் தேர்வு, பதிவேடுகள் எல்லாமே இரட்டிப்பாயின. நிர்வாகத்திடம் கூடுதல் ஆசிரியர் பணியிடங்களைக் கேட்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் ஆன்மிகச் செயல் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கிடைக்காமல் போகலாம். நீங்கள் கேட்டீர்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்தாலே அவர்களின் முகம் மாறும்.

ஒவ்வோர் ஆண்டும் தீபமேற்றும் விழாவில் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறோம். கடவுள் தம்மைப் பணிக்கு அழைத்ததாக 1837இல், பதினாறு வயதில், அவர் உணர்ந்தார். அந்த அழைப்பை அவர் நிறைவேற்றிய விதத்தைத்தான் நாம் மாணவியருக்குச் சரியாகச் சொல்வதில்லை. கிரிமியப் போரில் வீரர்கள் எதனால் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார். காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே அதிகம் பேர் இறந்தார்கள் என்பதை வரைபடமாக்கி அரசின் முன்வைத்தார். சாக்கடையையும் காற்றோட்டத்தையும் பற்றி அதிகாரிகளுக்கு ஓயாமல் எழுதினார். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதும் அந்த அழைப்பின் தொடர்ச்சியே. அவருடைய இறைநம்பிக்கை கணக்கேட்டில் இறங்கி வேலை செய்தது. நீங்களும் முதல் மூன்று மாதங்களைக் கணக்கெடுப்பதற்குக் கொடுங்கள்: எவ்வளவு விடுப்பு மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது, யார் யார் வேலையை விட்டார்கள், ஒரு செமஸ்டரில் எத்தனை முறை அட்டவணை மாறியது என்று பாருங்கள்.

இன்னொன்று, வாரத்தில் ஒரு காலையாவது ஒரு டியூட்டருக்குப் பதிலாக நீங்களே மாணவியரோடு வார்டில் நில்லுங்கள். மேற்பார்வைக்காகப் போய் நிற்க வேண்டாம். பட்டியலில் உங்கள் பெயரைப் போட்டு, அந்த டியூட்டரைத் தம் பாடத்தைத் தயாரிக்கவோ முனைவர் பட்ட வேலையைப் பார்க்கவோ அனுப்பிவிட்டு நில்லுங்கள். ஆறு மாதம் கழித்து, யோகா வேண்டுமா என்று அவர்களையே கேளுங்கள். ஆசிரியர்களே நேரம் குறித்து, ஆசிரியர்களே நடத்தட்டும். வருகைப் பதிவேடு வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் செவிலியர் கல்லூரி ஆசிரியை. எப்போதும் களைத்திருக்கிறாள். மனம் தெளியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுக்கு, சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை பழையபடியே ஆகிவிடுகிறாள். வேறு கோயில் ஏதாவது சொல்வீர்களா?
— ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: அம்மா, அந்தக் குகைக் கோயிலும் மலைக்காற்றும் போதும், வேறு கோயில் தேட வேண்டாம். மகள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்றால் அவள் மனம் கெட்டுப்போகவில்லை என்று பொருள். திங்கட்கிழமையில் இருக்கிற சிக்கலை ஞாயிற்றுக்கிழமையால் தீர்க்க முடியாது. ஒரு வாரம் மலைக்குப் போகாமல் வீட்டிலேயே தூங்க விட்டுப் பாருங்கள். வீட்டு வேலை எதையும் அன்று சொல்லாதீர்கள்.

கேள்வி: என் மனைவி செவிலியர் கல்லூரியில் பணியாற்றுகிறார். ஒரு மாதமாக வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். இரவில் தூக்கமில்லை. பூஜை செய்வதையும் நிறுத்திவிட்டார். "எல்லோருக்கும் மனநலம் சொல்லிக்கொடுக்கிற நானே டாக்டரிடம் போனால் என்ன நினைப்பார்கள்" என்கிறார். இதை வெறும் வேலைச் சோர்வு என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் சேர்த்தது; நோயாகச் சேர்க்கவில்லை. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். அது பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். விடுமுறையில் சற்றுக் குறையும். உங்கள் மனைவிக்கு வேலைக்கு வெளியிலும், தமக்கு விருப்பமான பூஜையிலும்கூட ஈடுபாடு போய்விட்டது, தூக்கமும் போய்விட்டது, ஒரு மாதம் ஆகிவிட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் அது மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அது சிகிச்சையால் குணமாகக்கூடியது. பூஜையை மறுபடி தொடங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பக்தி குறைந்ததால் வந்த நிலை அல்ல இது, உடல்நிலை திரும்பும்போது அதுவும் தானே திரும்பும்.

மனநலம் கற்பிப்பவர் சிகிச்சைக்குப் போகலாமா என்ற அவருடைய தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அதே பாடத்தைக் கற்பித்த நானும் ஒரு காலத்தில் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் இருக்கிற மருத்துவமனைக்குப் போகக் கூச்சமாக இருந்தால், வேறு ஊரில் உள்ள மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், 2022இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். 'நான் இருந்து என்ன பயன்' என்பது போன்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கே, அந்த நேரமே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளில் நீங்களும் விடுப்பு எடுங்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவை அன்று ஒரு நாளாவது ஒலியில்லாமல் வைக்கச் சொல்லி, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு வீட்டில் இருந்தால் அதைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். கல்லூரிக்கு என்ன சொல்வது என்பதை அவர் கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு இருவரும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.